ஒளிரும் இரிடியம் சேர்மங்கள்: எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கீடு?

ஓஎல்இடி திரைக்கான புதிய உலோக அணைவுச் சேர்மம் ஒன்றைத் தொகுப்பதற்கு முன் கணினியில் சோதிக்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எந்த ஃபங்ஷனல் போடலாம்?" என்பதுதான் (டிஎஃப்டி எனும் எலக்ட்ரான் அடர்த்திக் கணக்கீட்டில் எலக்ட்ரான்களின் இடைவினையைத் தோராயமாகத் தரும் சூத்திரமே ஃபங்ஷனல்). அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது வேறு. உங்களுக்குத் தெரிய வேண்டியது சேர்மத்தின் நிறமா, ஒளிரும் வேகமா, அல்லது ஒளிராமலே ஆற்றலை இழந்துவிடுமா என்பதா? இந்த மூன்றுக்கும் ஒரே கணக்கீடு விடை தராது. நிறத்துக்குச் சரியாக இருக்கும் அமைப்பு, வேகத்தைக் கேட்டால் அர்த்தமில்லாத எண்ணைத் தரும். வேகத்துக்கான அமைப்பை நிறத்துக்கும் பயன்படுத்தினால், வாரக்கணக்கில் கணினி ஓடியும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிறத்துக்கு, கிளர்ச்சியில்லாத அடிநிலையையும் முதல் மும்மை நிலையையும் (இரு தனி எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே திசையில் உள்ள கிளர்ந்த நிலை) தனித்தனியே உகப்பாக்கி, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த வடிவத்துக்குக் கொண்டுவந்து, கழிக்கும் எளிய வழி போதும். வேகத்துக்கு, எல்லா எலக்ட்ரான்களையும் கணக்கில் கொள்ளும் சார்பியல் முறையோடு சுழற்சி–சுற்றுப்பாதை இணைவை (எலக்ட்ரானின் சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை) சேர்த்தே ஆக வேண்டும். நீல ஒளிர்பொருளாக இருந்தால், உலோக மைய மும்மை நிலையை (கிளர்ச்சி உலோகத்திலேயே குவியும் நிலையை) தேடாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

மேற்கோள் சேர்மமாக ஐஆர்(பிபிஒய்)3-ஐ எடுத்துக்கொள்வோம். இரிடியத்தைச் சுற்றி மூன்று ஃபீனைல்பிரிடின் ஈனிகள் (உலோகத்தோடு பிணையும் கரிமப் பகுதிகள்), மொத்தம் 61 அணுக்கள். 1999-இல் ஓஎல்இடியில் அறிமுகமான இந்தப் பச்சை ஒளிர்பொருள் இன்றும் கணக்கீட்டாளர்களின் அளவுகோலாக இருக்கிறது. மின்னேற்றங்கள் இணையும்போது நான்கில் மூன்று பங்கு மும்மை நிலையாகவே உருவாகின்றன. சாதாரண கரிம மூலக்கூறில் அவை வெப்பமாக வீணாகிவிடும். இரிடியத்தின் கனமான அணுக்கரு மும்மை நிலையில் ஒற்றை நிலையின் (சுழற்சிகள் எதிரெதிராக உள்ள நிலையின்) தன்மையைக் கலந்துவிடுவதால் அவையும் ஒளியாகின்றன.

நிறம்: மூன்று வழிகள், ஒன்றே பொருத்தம்

கட்டுரைகளில் நிறத்தைக் கணிக்க மூன்று வழிகளைப் பார்க்கலாம். முதலாவது, அடிநிலை வடிவத்திலேயே டிடி-டிஎஃப்டி (கிளர்ந்த நிலைகளுக்கான, காலம் சார்ந்த டிஎஃப்டி) ஓட்டி முதல் மும்மை நிலையின் ஆற்றலை எடுப்பது. இரண்டாவது, மும்மை நிலையை உகப்பாக்கி, அந்த வடிவத்தில் அடிநிலையின் ஆற்றலைக் கழிப்பது. இதுதான் செங்குத்து உமிழ்வு. மூன்றாவது, இரண்டு நிலைகளையும் அவற்றின் சொந்த வடிவங்களில் உகப்பாக்கி, பூஜ்யப் புள்ளி அதிர்வு ஆற்றலையும் திருத்திக் கழிப்பது. இதில் கிடைப்பது 0–0 ஆற்றல், அதாவது இரு நிலைகளின் அடி அதிர்வு மட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு.

மிகப் பரவலாகச் செய்யப்படுவது இரண்டாவது. உமிழ்வு உச்சியோடு நேரடியாக ஒப்பிடக்கூடியது அதுதான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இரிடியம் சேர்மங்கள் பலவற்றின் நிறமாலையில் மிக உயரமான உச்சி 0–0 மாற்றமாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கிறது. செங்குத்து உமிழ்வு, மும்மை வடிவத்தில் அடிநிலை எவ்வளவு நெருக்கடிக்கு உள்ளாகிறது என்பதையும் சேர்த்துக் கழித்துவிடுகிறது. ஈனி மையமான நிலைகளில் அது 0.2 முதல் 0.4 எலக்ட்ரான் வோல்ட் (இனி எ.வோ.) வரை போகலாம். 470 நானோமீட்டர் அருகே ஒளிரும் ஃபிர்பிக் என்ற வான்நீல இரிடியம் சேர்மத்தை எடுங்கள். அது சுமார் 2.64 எ.வோ. இதில் 0.3 குறைந்தால் 2.34 எ.வோ., அதாவது 530 நானோமீட்டர். நீலப் பொருளைப் பச்சை என்று கணக்கீடு சொல்லிவிடும்.

ஆகவே மூன்றாவது வழியையே எடுங்கள். ஒப்பிட வேண்டியதும் அறை வெப்பநிலை உச்சியை அல்ல, 77 கெல்வினில் உறைந்த கரைசலில் அளந்த முதல் உச்சியை. அங்கே கரைப்பான் அசையாது, 0–0 தெளிவாகத் தெரியும். ஐஆர்(பிபிஒய்)3-க்கு டைகுளோரோமீத்தேனில் மிகக் குறைந்த வெப்பநிலையில் அளந்த மும்மை நிலையின் அடித்துணைநிலை (அதன் மூன்று துணைநிலைகளில் மிகத் தாழ்ந்தது) 19,693 செ.மீ⁻¹ (ஆற்றலுக்கான இன்னோர் அலகு). அது 2.44 எ.வோ., அதாவது 508 நானோமீட்டர். உங்கள் அமைப்பு இந்த எண்ணுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதே முதல் தேர்வு.

பூஜ்யப் புள்ளித் திருத்தத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மும்மை நிலையில் ஈனியின் பிணைப்புகள் தளர்வதால் இந்தத் திருத்தம் பொதுவாக 0.1 எ.வோ. அளவுக்கு ஆற்றலைக் குறைக்கும். இது சிறிய எண் அல்ல. சிவப்பில் 2.0 எ.வோ. என்பது 620 நானோமீட்டர், 1.9 என்றால் 653. நீலத்தில் 2.7 என்பது 459, 2.6 என்றால் 477. ஒரே பிழை சிவப்பில் 33 நானோமீட்டராகவும் நீலத்தில் 18 ஆகவும் தெரியும். எனவே பிழையை எப்போதும் எ.வோ.-இல் எழுதுங்கள். நானோமீட்டரில் எழுதினால் நீலச் சேர்மங்களில் உங்கள் முறை அதிகத் துல்லியமாக இருப்பதைப் போன்ற பொய்த் தோற்றம் வரும்.

முதல் வழி, அதாவது அடிநிலை வடிவத்தில் டிடி-டிஎஃப்டி, நூற்றுக்கணக்கான ஈனிகளை வரிசைப்படுத்த மட்டும் உதவும். அதிலும் முழு டிடி-டிஎஃப்டியை விட டாம்–டான்காஃப் தோராயத்தை இயக்கி வையுங்கள். ஹார்ட்ரி–ஃபாக் பங்கு (எலக்ட்ரான் பரிமாற்ற ஆற்றலைத் தோராயமின்றிக் கணக்கிடும் பகுதி) அதிகமுள்ள ஃபங்ஷனல்களில் முழு டிடி-டிஎஃப்டி மும்மை நிலைகளைச் செயற்கையாகக் கீழே இழுத்துவிடும். மும்மை நிலையின்மை எனப்படும் இந்தச் சிக்கலைத் தோராயம் பெருமளவு தவிர்த்துவிடுகிறது, நேரமும் மிச்சம்.

ஃபங்ஷனலும் பேஸிஸ் செட்டும்

பி3எல்ஒய்பியில் ஹார்ட்ரி–ஃபாக் பரிமாற்றம் 20 சதவீதம், பிபிஇ0-வில் 25. இந்த ஐந்து சதவீத வேறுபாடு உலோகத்திலிருந்து ஈனிக்கு மின்னூட்டம் தாவும் நிலைகளில் நன்றாகவே தெரியும். பி3எல்ஒய்பி அவற்றைக் கீழே வைக்கும், பிபிஇ0 சற்று உயர்த்தும். ஆற்றலைவிட முக்கியமாக, நிலையின் தன்மையே மாறலாம். ஒரு ஃபங்ஷனலில் உலோகப் பங்கு கணிசமாக இருக்கும் மும்மை நிலை, இன்னொன்றில் ஏறக்குறைய முழுக்க ஈனிக்குள் அடங்கிவிடும். அப்போது நிறம் சரியாக வந்தாலும் ஒளிரும் வேகம் பல மடங்கு தவறாகும்.

நாங்கள் பிபிஇ0-வையே முன்வைக்கிறோம், டி3 பரவல் விசைத் திருத்தத்தோடு. எம்06-2எக்ஸ் 54 சதவீதப் பரிமாற்றம் கொண்டது. முதன்மைத் தொகுதித் தனிமங்களுக்கென உருவானது. கரிம ஒளிர்பொருள்களில் அது பெற்ற நற்பெயரை நம்பி இரிடியத்துக்கு எடுத்துவரக் கூடாது. கேம்-பி3எல்ஒய்பி, ஒமேகா-பி97எக்ஸ்-டி போன்ற தூரம் பிரிக்கும் ஃபங்ஷனல்கள் ஈனிக்கும் ஈனிக்கும் இடையே மின்னூட்டம் தாவும் கலப்பு ஈனிச் சேர்மங்களில் தேவைப்படும். மற்ற இடங்களில் அவற்றின் இயல்பான அளபுருக்கள் ஆற்றலை மிகைப்படுத்தும்.

பேஸிஸ் செட்டில், அதாவது எலக்ட்ரான்களின் பரவலை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பில், தேர்வு எளிது. பழைய கட்டுரைகள் பெரும்பாலும் லான்எல்2டிஇசட் பயன்படுத்தின. இரிடியத்தின் 77 எலக்ட்ரான்களில் உள்ளே இருக்கும் 60-ஐ அது ஒரு பொட்டென்ஷியலாக மாற்றி, 17-ஐ மட்டும் கணக்கிடுகிறது. டெஃப்2 குடும்பமும் அதே 60-ஐத்தான் மறைக்கிறது. வேறுபாடு வெளிப்புற விவரிப்பில் இருக்கிறது. லான்எல்2டிஇசட்டைக் கார்பன், நைட்ரஜன் உட்பட எல்லா அணுக்களுக்கும் ஒரே சொல்லில் கொடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதில் லேசான அணுக்களுக்கு முனைவாக்கச் சார்புகளே (பிணைப்பில் எலக்ட்ரான் மேகம் உருமாறுவதைக் காட்டுபவை) கிடையாது, பிணைப்பு நீளங்கள் தவறும். வடிவத்துக்கு டெஃப்2-எஸ்விபி, ஆற்றலுக்கு டெஃப்2-டிஇசட்விபி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்(பிபிஒய்)3-க்கு முதலாவதில் ஏறத்தாழ 650 சார்புகளும் இரண்டாவதில் 1,300-ம் வரும். 32 கோர், 128 ஜிபி நினைவகம் உள்ள ஒரு கணினி இதைத் தாங்கும். ஆனால் நினைவகம் முழுவதையும் நிரலுக்கு ஒதுக்காதீர்கள். கோருக்கு 3 ஜிபி போதும். நிரல்கள் தாம் கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொள்ளும், பாதி வழியில் வேலை அறுந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

மும்மை வடிவத்தில் எங்கே தவறுகிறது

தவறு பல நேரம் மூலக்கூறை வரையும்போதே தொடங்கிவிடுகிறது. மூன்று நைட்ரஜன்களும் ஒரே முகத்தில் இருக்கும் ஃபேக் ஐசோமர்தான் வேண்டும். கவனிக்காமல் கட்டினால் மெர் என்ற மற்ற ஐசோமர் உருவாகிவிடும். உகப்பாக்கிய பின் மூன்று இரிடியம்–நைட்ரஜன் நீளங்களையும் பாருங்கள். ஃபேக் வடிவத்தில் மூன்றும் 2.13 ஆங்ஸ்ட்ராம் அருகே சமமாக இருக்கும். இரண்டு நைட்ரஜன்கள் எதிரெதிரே நின்றால் அவை சுருங்கி, மூன்றாவது தனித்து நிற்கும்.

அடுத்தது சமச்சீர். அடிநிலையில் மூன்று ஈனிகளும் ஒன்றுபோல் இருக்கும். மும்மை நிலையிலோ கிளர்ச்சி பெரும்பாலும் ஒரே ஈனியில் குவிகிறது. சமச்சீரான வடிவத்திலிருந்து தொடங்கினால் உகப்பாக்கம் அந்தச் சமச்சீரிலேயே சிக்கி, கற்பனை அதிர்வெண்ணோடு (வடிவம் உண்மையான பள்ளத்தில் இல்லை என்பதன் அடையாளம்) நின்றுவிடும். ஓர் ஈனியின் இரு வளையங்களை இணைக்கும் கார்பன்–கார்பன் பிணைப்பை 0.03 ஆங்ஸ்ட்ராம் சுருக்கிவிட்டுத் தொடங்குங்கள். கலப்பு ஈனிச் சேர்மம் என்றால், ஒவ்வொரு ஈனியிலும் கிளர்ச்சியை வைத்துத் தனித்தனியாகத் தொடங்குவது கட்டாயம். ஃபிர்பிக்கில் ஃபுளோரின் ஏற்றிய ஃபீனைல்பிரிடின் ஈனிகளுக்கும் பிக்கோலினேட்டுக்கும் தனித்தனிப் பள்ளங்கள் இருக்கலாம். எது தாழ்ந்தது என்பதை ஊகிக்கக் கூடாது.

ஒவ்வொரு மும்மைக் கணக்கீட்டுக்குப் பின்னும் மூன்று சோதனைகள்: சுழற்சி வர்க்கத்தின் மதிப்பு (தூய மும்மை நிலைக்கு 2) 2.00-இலிருந்து 2.05-க்குள் இருக்கிறதா, கற்பனை அதிர்வெண் இல்லையா, சுழற்சி அடர்த்தி (தனி எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் இடம்) நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் உள்ளதா. மூன்றாவதைப் படமாக வரைந்தே பார்க்க வேண்டும். ஆற்றல் எண்ணை மட்டும் பார்த்தால் தவறான நிலையில் குவிந்த கணக்கீடு பிடிபடாது.

கரைப்பானையும் பொருத்தமாக வையுங்கள். திரையின் உள்ளே ஒளிர்பொருள் ஏறத்தாழ 3 மின்காப்பு மாறிலி கொண்ட கரிமப் படலத்தில் இருக்கிறது. டொலுவீன் (2.4) அதற்கு அருகில் வருகிறது, அசிட்டோநைட்ரைல் வராது.

ஒளிரும் வேகம்: இங்கே சுருக்குவழி இல்லை

நிறத்துக்குப் பயன்பட்ட, உள் எலக்ட்ரான்கள் 60-ஐ மறைக்கும் உள்கூட்டுப் பொட்டென்ஷியல் இங்கே கைகொடுக்காது. காரணம் எளிது. சுழற்சி–சுற்றுப்பாதை இணைவு அணுக்கருவுக்கு மிக அருகில்தான் வலுவானது, தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. பொட்டென்ஷியல் அந்தப் பகுதியையே மழுப்பிவிடுகிறது. வெளி எலக்ட்ரான்களுக்கு அங்கே இருக்க வேண்டிய கணுக்கள் இல்லை. அந்த அலைச்சார்பிலிருந்து வரும் இணைவு எண்ணை நம்ப முடியாது. நிரல் எச்சரிக்காமல் எண்ணை அச்சிட்டாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மாற்றுகள் மூன்று. ஓர்கா என்ற நிரலில் ஸோரா என்ற சார்பியல் முறை, இரிடியத்துக்கு சார்க் பேஸிஸ் செட், மற்ற அணுக்களுக்கு ஸோராவுக்கென மறுசுருக்கிய டெஃப்2, அதன் மேல் சுழற்சி–சுற்றுப்பாதை சேர்த்த டிடி-டிஎஃப்டி என்பது ஒன்று. இணைவு இங்கே பின்னர் சேர்க்கும் திருத்தமாக வருகிறது. ஏடிஎஃப் நிரலில் இதே திருத்த வழியும் உண்டு, தொடக்கத்திலிருந்தே இணைவைச் சேர்த்துத் தீர்க்கும் முழு வழியும் உண்டு. மூன்றாவது, டால்டன் நிரலில் உள்ள இருபடிப் பதில் முறை. இரிடியத்துக்குத் திருத்த வழியே பெரும்பாலும் போதுமானது. முழு வழியின் கூடுதல் செலவு, ஒரே ஒரு முக்கியச் சேர்மத்தைச் சரிபார்க்க மட்டும் நியாயம். கல்விப் பயனருக்கு ஓர்கா இலவசம், டால்டன் திறந்த மூலம், ஏடிஎஃப் கட்டணம். காஸியன் நிரல் மட்டுமே கைவசம் இருப்பவர் நிறத்தை அதில் முடித்துவிட்டு, வேகத்துக்கு ஓர்காவுக்கு வருவதே நடைமுறை.

மும்மை நிலை ஒன்றல்ல, மூன்று துணைநிலைகள். ஐஆர்(பிபிஒய்)3-இல் கீழ்நிலையிலிருந்து இரண்டாவது 19 செ.மீ⁻¹ உயரத்திலும் மூன்றாவது 170 செ.மீ⁻¹ உயரத்திலும் உள்ளன. அவற்றின் ஆயுள்கள் முறையே 116, 6.4, 0.2 மைக்ரோ நொடி. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 208 செ.மீ⁻¹ என்பதால் மூன்றிலும் எலக்ட்ரான்கள் இருக்கும், மேலுள்ள வேகமான துணைநிலையே பெரும்பகுதி ஒளியைத் தரும். நிரல் தரும் மூன்று வேகங்களையும் போல்ட்ஸ்மன் எடையிட்டு (அந்த வெப்பநிலையில் ஒவ்வொரு துணைநிலையிலும் இருக்கும் பங்கின்படி) சராசரி எடுங்கள். முதல் துணைநிலையின் எண்ணை மட்டும் எடுத்து "ஒளிர்வு மிக மெதுவானது" என்று முடிவு கட்டுவது பெரிய பிழை.

துணைநிலை ஒவ்வொன்றின் வேகத்துக்கும் கைக்கணக்கு உண்டு. செ.மீ⁻¹-இல் உள்ள ஆற்றலின் வர்க்கத்தை ஆஸிலேட்டர் வலுவால் (நிலைமாற்றம் எவ்வளவு வலுவாக ஒளியோடு இணைகிறது என்பதன் அளவு) பெருக்கி 1.5-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை முறை என்று கிடைக்கும். 19,600 செ.மீ⁻¹, சராசரி வலு 0.0023 என்றால் ஏறத்தாழ 5.9 லட்சம். ஐஆர்(பிபிஒய்)3-இன் ஆயுள் 1.6 மைக்ரோ நொடி, ஒளிர்வுத் திறன் 0.9-க்கு மேல் என்பதிலிருந்து வரும் அளவும் இதுதான். ஆனால் இந்தக் கைக்கணக்கு வெற்றிடத்துக்கானது. கரைசலில் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தாலும் பெருக்க வேண்டும். டொலுவீனுக்கு அது 2.2. இதைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதைக் கட்டுரையில் எழுதாவிட்டால், உங்கள் எண்ணை வேறொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை. ஒற்றை நிலைகள் 20, மும்மை நிலைகள் 20 என்று தொடங்கி, எண்ணிக்கையை 40 ஆக்கி வேகம் நிலையாக நிற்கிறதா பாருங்கள். மும்மை நிலை தன் ஒளியைக் கடன் வாங்கும் ஒற்றை நிலை உயரத்தில் இருந்தால் 20-க்குள் அது வந்திருக்காது. இரிடியத்துக்கு மட்டும் தொகையிடும் கிரிட்டை (எண் தொகையிடலுக்கான புள்ளி வலையை) உயர்த்துங்கள். அணுக்கரு அருகே அலைச்சார்பு செங்குத்தாக மாறுகிறது. இன்னொரு பொறி: ஓர்காவில் ஸோராவோடு வடிவ உகப்பாக்கம் செய்யும்போது ஒற்றை மையத் தோராயம் இயங்கும். அந்த ஆற்றலையும், தனியாக ஓட்டிய ஒற்றைப்புள்ளி ஆற்றலையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே கூடாது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். வடிவத்தைப் பொட்டென்ஷியலோடு பிபிஇ0-வில் முடித்துவிட்டு, ஸோராவை ஒற்றைப்புள்ளிக்கு மட்டும் வைப்பதுதான் சுத்தமான வழி.

எந்த வடிவத்தில் இதை ஓட்டுவது? மும்மை வடிவத்தில் கிளர்ச்சி ஓர் ஈனியில் குவிவதால், அருகிலுள்ள மும்மை நிலைகள் விலகி, துணைநிலைப் பிளவு சிறுத்துத் தெரியும். அடிநிலை வடிவத்தில் ஈனிகள் மூன்றும் சேர்ந்து பங்கேற்கும், பிளவு பெரிதாகும். இரண்டிலும் ஓட்டி, இரண்டு எண்களையும் எல்லைகளாகக் கொடுப்பது நேர்மையானது.

நீலம் என்றால் இன்னொரு கணக்கீடு

ஐஆர்(பிபிஇசட்)3 என்ற ஃபீனைல்பைரசோல் சேர்மம் 77 கெல்வினில் நன்றாக ஒளிரும், அறை வெப்பநிலையில் ஏறக்குறைய இருண்டுவிடும். மும்மை ஆற்றல் உயர உயர, உலோக மைய நிலை எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நிலையில் ஓர் இரிடியம்–நைட்ரஜன் பிணைப்பு அறுந்துபோகும் அளவுக்கு நீள்கிறது, மூலக்கூறு ஒளிராமல் அடிநிலைக்கு இறங்குகிறது. நிறமும் வேகமும் அழகாக வந்த நீலச் சேர்மம் ஆய்வகத்தில் ஒளிராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

அதைத் தேட, ஒரு இரிடியம்–நைட்ரஜன் பிணைப்பை 2.6 ஆங்ஸ்ட்ராமுக்கு இழுத்துவிட்டு மும்மை உகப்பாக்கத்தைத் தொடங்குங்கள். சாதாரண ஒளிரும் நிலையில் இரிடியத்தின் மீது சுழற்சி அடர்த்தி 0.3 முதல் 0.6 வரை இருக்கும். உலோக மைய நிலையில் 1.5-ஐத் தாண்டும். கிடைத்த இரு பள்ளங்களுக்கு இடையே பிணைப்பை 0.05 ஆங்ஸ்ட்ராம் படிகளாக நீட்டித் தடையின் உயரத்தைப் பாருங்கள். பிணைப்புகள் மூன்றும் சமமல்லாத சேர்மத்தில் ஒவ்வொன்றையும் தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் அறுவது எது என்பதை அடிநிலை நீளம் சொல்லாது.

உச்சியின் அலைநீளம் மட்டும் திரைக்குப் போதாது என்பதும் நீலத்தில்தான் உறைக்கும். பிடி.2020 என்ற திரை வண்ணத் தரம் கேட்கும் நீலம் 467 நானோமீட்டர். ஃபிர்பிக்கின் உச்சி அதற்கு மிக அருகில் இருந்தும், 500 நானோமீட்டர் அருகே எழும் தோள் காரணமாக வண்ணம் வான்நீலமாகத் தங்கிவிடுகிறது. ஆகவே நீலத்துக்கு ஃபிராங்க்–காண்டன் அதிர்வுக் கணக்கீட்டை (ஒவ்வொரு அதிர்வு மாற்றத்தின் வலுவையும் கணிப்பது) செய்து முழு நிறமாலையை வரையுங்கள். இரு நிலைகளின் அதிர்வெண்களும் ஏற்கெனவே கையில் இருப்பதால் கூடுதல் செலவு குறைவே.

இரிடியம் அல்லாதவை

பிளாட்டினம் சேர்மங்கள் தட்டையானவை, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும். இரு பிளாட்டினங்கள் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் உமிழ்வு சிவப்பை நோக்கி நகரும். ஒற்றை மூலக்கூறு கணக்கீடு நீர்த்த கலவைக்கு மட்டும் பொருந்தும். அடர்ந்த படலத்துக்கு இரட்டையையும் பரவல் விசைத் திருத்தத்தோடு கணக்கிட வேண்டும்.

தாமிரம் விலை குறைவு, ஆனால் கணக்கீட்டுக்கு இரிடியத்தைவிடக் கடினம். அது பெரும்பாலும் மும்மை நிலையிலிருந்து வெப்ப ஆற்றலால் ஒற்றை நிலைக்குத் திரும்ப ஏறி ஒளிர்கிறது. அதற்கு ஒற்றை–மும்மை இடைவெளி ஏறத்தாழ 0.12 எ.வோ.-க்குக் கீழே இருக்க வேண்டும், ஃபங்ஷனலின் வழக்கமான பிழையே அந்த அளவு. போதாக்குறைக்கு, கிளர்ந்த தாமிரச் சேர்மம் தனி மூலக்கூறாக இருக்கும்போது தட்டையாகிவிடும்; திண்மத்தில் அண்டை மூலக்கூறுகள் அதைத் தடுக்கின்றன. வாயு நிலைக் கணக்கீடு உமிழ்வைத் தேவையில்லாமல் சிவப்பாக்கும். படிக வடிவம் கிடைத்தால், நடு மூலக்கூறை மட்டும் டிஎஃப்டியிலும் சுற்றியுள்ளவற்றை விசைப்புலத்திலும் வைத்துக் கணக்கிடுங்கள்.

எந்த உலோகமானாலும், புதிய சேர்மத்துக்குப் போகுமுன் அளவீடு தெரிந்த எட்டு பத்துச் சேர்மங்களை அதே அமைப்பில் ஓட்டுங்கள். இரிடியத்துக்கு ஐஆர்(பிபிஒய்)3, ஃபிர்பிக், ஐஆர்(பிபிஇசட்)3, சிவப்பில் ஐஆர்(பிஐக்யூ)3 ஆகியவை நிறமாலை முழுவதையும் தொடும். கணித்த 0–0 ஆற்றலை 77 கெல்வின் அளவீட்டுக்கு எதிராக வரைந்து, நேர்கோட்டின் சாய்வைப் பாருங்கள். சாய்வு 1-க்கு அருகில் இருந்து எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு விலகியிருந்தால், அந்த விலகலைக் கழித்துவிட்டு முறையைப் பயன்படுத்தலாம். சாய்வே விலகினால், நீலத்திலும் சிவப்பிலும் நிலையின் தன்மையை ஃபங்ஷனல் வெவ்வேறாகக் கையாளுகிறது என்று பொருள். அப்போது திருத்தம் தேடாமல் ஃபங்ஷனலை மாற்றுங்கள்.